ஆவிக்குழாயில் ஒரு சிரட்டை

வெள்ளிக்கிழமை, இரவு

மாடியில் இருக்கும் சோலார் வெந்நீர்த் தொட்டி மதியம் முனகியது. ஓடிப் போய்ப் பார்த்தால், ஆவி வெளியேறும் குழாயின் வாயில் ரப்பர் பால் பிடிக்கிற சிரட்டையைக் கவிழ்த்து, சைக்கிள் டியூபால் இறுகக் கட்டியிருக்கிறார் என் வீட்டுக்காரர். நான் கத்தியதும் வந்து, அவிழ்க்க ஏறினார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

“ஆவி மூஞ்சியில அடிச்சா வெந்து போவிய. தொட்டியே வெடிக்கும். இதென்ன ரப்பர் மரமா, சிரட்டை கட்ட?”

“சூடு வீணாப் போவுதுல்லா ஏட்டி. ராத்திரி உன் முட்டுவலிக்கு வேண்டாமா?”

தார்ப்பாய் போட்டு வெயிலை மறைத்தோம். தொட்டி ஆறிய பிறகு, சாயங்காலம்தான் அவிழ்க்க விட்டேன்.

இப்போது பக்கத்தில் குறட்டை விடுகிறார். அந்தச் சிரட்டையை இவர் வாயில் கவிழ்த்தால் என்ன என்று தோன்றியது. வேண்டாம். இது வெடித்தால் எனக்கு மாற்றுத் தொட்டி கிடையாது.