பதினைந்தாவது மட்டை

செப்டம்பர் 24
காளவாசலில் உசிலம்பட்டி பஸ் ஏறும்போது கண்டக்டர் என் பையைப் பார்த்துவிட்டு, “என்னக்கா, பந்தல் கம்பியா?” என்றார். கோல்ஃப் மட்டை என்றேன். “ஹாக்கியா?” என்றார். ஆமாம் என்று விட்டுவிட்டேன். மதுரைப் பக்கத்திலிருந்து தொழில்முறை கோல்ஃபுக்குப் போன முதல் பெண் என்று பேப்பரில் போட்டு மூன்று வருடமாகிறது. அந்தச் செய்தி இன்னும் நம்ம பஸ்ஸுக்கு வரவில்லை.

செப்டம்பர் 27
ஒத்தக்கடைக் கல்லூரியில் விளையாட்டு ஆசிரியர் வேலை. பத்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆசியப் போட்டிகளில் ஆடுவதற்கான கார்டு, பெங்களூரில் நடக்கும் மூன்று நாள் தகுதிப் போட்டியில் இந்த முறையும் கிடைக்காவிட்டால் வேலைக்குப் போய்விடுவேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். முப்பத்தொரு வயது. போதும்தானே? — போதுமா?

அக்டோபர் 1
ஆயுத பூஜை. அம்மா என் மட்டைகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து வரிசையாகச் சாத்திவிட்டாள். நான் முதன்முதலில் பழகிய, இப்போது பரணில் கிடக்கும் பழசுக்கும் சேர்த்து. நாளைவரை தொடக்கூடாதாம். ஒரு நாள் பயிற்சி போச்சு.

அக்டோபர் 3
பெங்களூர். எழுதவே கை வரவில்லை. பையில் பதினான்கு மட்டைக்கு மேல் இருக்கக் கூடாது. மூன்றாவது குழிக்கு ஆடப் போகும்போது பார்க்கிறேன் — குங்குமப் பொட்டோடு அந்தப் பழசும் நிற்கிறது! எண்ணிப் பார்ப்பது பை தூக்கும் என் வீட்டுக்காரர் பாண்டிராஜின் வேலை. “யாரும் பாக்கல. மூங்கி மறைவுல போட்டுட்டு வாரேன்” என்கிறார். “அப்பிடியே நீங்களும் ஊருக்குக் கெளம்பிருங்க” என்றேன். நானே கை தூக்கி நடுவரைக் கூப்பிட்டேன். நான்கு அடி தண்டனை. குறைந்த அடியில் முடிப்பவர் ஜெயிக்கும் ஆட்டத்தில், அடிக்காமலே என் கணக்கில் நான்கு ஏறிவிட்டது.

அம்மாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். “சாமி முன்னாடி ஒண்ணா இருந்தத எப்பிடித்தா பிரிக்கிறது?” என்றாள். என்னத்தைச் சொல்ல!

அக்டோபர் 4
நல்ல ஆட்டம். அவரிடம் பேசவில்லை.

அக்டோபர் 5
இன்னும் நல்ல ஆட்டம். இரண்டே அடி கூடிப்போனதில் கார்டு போய்விட்டது. ரயிலில் அவர் சாப்பிடவில்லை. எனக்கு நல்ல பசி. இரண்டு பொட்டலத்தையும் நானே தின்றேன்.

அக்டோபர் 6
அறுத்த சோளக்காட்டில் பயிற்சிக்கு நடந்தபோதுதான் உறைத்தது. அந்த நான்கை எடுத்துவிட்டால் கார்டு என் கையில். அந்த அளவுக்கு ஆடியிருக்கிறேன்! மூன்று வருடத்தில் முதல் முறை. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அக்டோபர் 10
கல்லூரிக்குப் போன் செய்து வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். “வாக்குக் குடுத்தியேடி” என்றாள் அம்மா. “பையில மட்டைய வச்சது யாரு?” என்றதும் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பாண்டிராஜ் அடுத்த வருட விண்ணப்பத்தை நிரப்பி என்னிடம் நீட்டினார். பை தூக்குபவர் பெயர் என்ற இடம் மட்டும் காலி. அவர் பெயரை நானே எழுதினேன்.