சிப்பாயைக் கொடுத்துவிட்டு இரண்டு தட்டு

அன்பு மச்சான் குணா,

நேற்று ஜோகூர் பாருவில் ரேபிட் செஸ் போட்டிக்குப் போனேன். ஆமாம், நானேதான். நீ கூப்பிட்டபோதெல்லாம் "அடுத்த வருசம் பாக்கலாம் லா" என்று சாக்குச் சொன்னவன், நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு பெயர் கொடுத்தேன். இந்தப் புத்தி முன்பே வந்திருக்கக் கூடாதா?

உன் ஆட்டத்தைத்தான் ஆடினேன். ராஜாவின் சிப்பாயை முன்னே விட்டு, அடுத்த நகர்த்தலிலேயே பக்கத்துச் சிப்பாயை எதிராளிக்குத் தூக்கிக் கொடுக்கும் அந்த கிங்ஸ் கேம்பிட். "இது ஆட்டமா, அன்னதானமா?" என்று பாசிர் கூடாங் தொழிற்சாலைப் பேருந்தில் எத்தனை வருடம் உன்னைக் கிண்டல் செய்திருப்பேன்! "போட்டியில ஒரு தடவ ஆடிப் பாரு, ஜெயிப்ப" என்பாய்.

கிளம்பும்போது உன் மனைவி, என் தங்கை வள்ளி, வாசல்வரை வந்தாள். "அவரு ஆட்டத்துலயே ஜெயிச்சிட்டு வாங்கண்ணே" என்றாள். அவளுக்காகவாவது ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

எதிரே மெர்சிங்கிலிருந்து வந்த கல்லூரிப் பெண். ஆளுக்குப் பதினைந்து நிமிடம்; காயை நகர்த்தியதும் கடிகாரத்தை அமுக்காவிட்டால் நம் நேரம்தான் ஓடும். உன் சிப்பாயைத் தள்ளியதும், என் கை தானாகப் பலகையின் ஓரத்தில் இரண்டு முறை தட்டியது. ஷிப்ட் முடிந்து திரும்பும்போது ஆட்டத்தின் நடுவே நீ தூங்கிவிடுவாய். அப்படித்தானே உன்னை எழுப்புவேன்? பேருந்தில் நமக்கு ஏது கடிகாரம்? தட்டிவிட்டுப் பழக்கப்படி காத்திருந்தேன்.

கடைசியில் அவள்தான் சொன்னாள், "அங்கிள், கிளாக் அமுக்கலயே." என் நேரத்தில் மூன்று நிமிடம் போயிருந்தது.

பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும், மச்சான். சிப்பாய் போய்த் திறந்த வழியில் யானை இறங்கியது. அவள் ராஜா ஓட இடமில்லை. இன்னும் ஒரே நகர்த்தல். அதற்குள் என் நேரம் முடிந்து தோற்றுவிட்டேன்.

"அந்த மூணு நிமிஷம் இருந்திருந்தா நீங்கதான் அங்கிள். அப்போ என்ன யோசிச்சீங்க?" என்று கேட்டாள்.

"என் மச்சான் தூங்கிட்டாருன்னு நெனச்சேன்மா" என்றேன். அழுதுவிட்டேன்.

வள்ளி திட்டவில்லை. "அவரு ஆட்டம் தோக்கலல்ல?" என்று மட்டும் கேட்டாள். இல்லை, கடிகாரத்தில்தான் தோற்றேன் என்றேன். அது உண்மைதானே?

அடுத்த போட்டியிலும் அதே சிப்பாயைத்தான் கொடுப்பேன். முதலில் கடிகாரத்தை அமுக்குவேன். பிறகு இரண்டு தட்டும் தட்டுவேன், உனக்கு.

முதலில் கூட்டாளி, பிறகு மச்சான்,
தேவா