தோற்ற கோச்சுக்குச் சோறு போட்ட நாள்

அண்ணை,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். போன சனிக்கிழமை ஸ்காபரோவில் வோபர்ன் பக்கத்துத் தமிழ்க் கடை வாசலில் கார் டிக்கியைத் திறந்து அரிசி மூட்டையைத் தள்ளினேன். அது உள்ளே போகமாட்டேன் என்று நின்றது. கையை விட்டுப் பார்த்தால், கடைசித் தரம் என் காரில் வந்தபோது நீங்கள் விட்டுவிட்டுப் போன மெத்தை. ஜிம்மில் மட்ச் பார்க்கும்போது பலகை குளிருது என்று குண்டிக்குக் கீழே வைத்துக்கொண்டு இருப்பீர்களே, அந்த நீலக்கோடு போட்ட சதுர மெத்தை. எடுத்து மூக்கில் வைத்தேன். முழங்காலுக்கு நீங்கள் பூசுகிற தைலத்தின் மணம் அப்படியே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் இழுத்தேன். கண்ணைத் திறந்தால், பக்கத்துக் காரடியில் ஒரு அன்ரி வெங்காயப் பையோடு நின்று என்னையே பார்க்கிறார். அந்த மெத்தை எதற்கு வைப்பது என்று அதன் நடுவில் விழுந்திருக்கிற பள்ளமே சொல்லும். "சிநேகிதன்ர" என்றேன். சொன்ன பிறகு விஷயம் இன்னும் மோசமாகிவிட்டது. அவர் காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டார்.

நீங்கள் இருந்திருந்தால் இதற்கு ஒரு கிழமை சிரித்திருப்பீர்கள். சத்தம் வராது, வயிறு மட்டும் குலுங்கும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட என்னைக் கொலிச்சுக்குள் கூட்டிப்போனது நீங்கள்தான். பாண் சுடுகிற ஃபக்ரறியில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பாணைப் பையில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரில் நீங்கள் மூத்தவர், நான் வாயாடி. உங்கள் மகன் ஜெறாட், கொலிச்சின் கூடைப்பந்து அணியில் சேர்ந்ததும், "ஸ்னோவுக்க தனியக் கார் ஓடாதேங்கோ" என்று உங்கள் மனுசி, எங்கள் அக்கா, சொல்ல, துணைக்கு நான் ஏறினேன். எனக்கு அந்த விளையாட்டில் இருந்த அறிவு இவ்வளவுதான்: பந்து கூடைக்குள் விழுந்தால் பெடியன் கெட்டிக்காரன், விழாவிட்டால் கோச் சரியில்லை. இன்றைக்கும் அதற்குமேல் ஏறவில்லை.

இரண்டு மாரிகாலம் உங்கள் மகன் வாங்கிலில் இருந்தான். கோச் அவனைக் களத்தில் இறக்கியதை நான் பார்த்ததே இல்லை. "போத்தலை எடுத்துக் குடுக்கிறதில உங்கட பெடியனை வெல்ல இந்த மாகாணத்தில ஆளில்லை அண்ணை" என்று நான் சொல்வேன். "ஓமடா, மூடி திறந்துதான் குடுக்கிறவன், கவனிச்சனியோ" என்பீர்கள். உங்களை நக்கலடிப்பது தண்ணீருக்கு அடிப்பது மாதிரி. கைதான் நோகும். அவன் படிப்பை முடித்து ரீமை விட்ட பிறகும் நாங்கள் மட்சுக்குப் போவதை விடவில்லை.

மட்ச் முடிந்தால் சந்திக் கோப்பிக் கடையில் வழக்கு நடக்கும். குற்றம் சாட்டுகிறவர் அமலன். வீடு விற்கிற தரகர், வாயும் அந்தத் தொழிலுக்கு ஏற்ற வாய். தன் மருமகன் அந்தக் கொலிச்சில் படித்தான் என்ற ஒரே உரிமையில், கோச்சை வேலையால் நிற்பாட்டுகிற அதிகாரம் தனக்கு உண்டென்று நம்பிய மனுசன்.

"உவர் ஒரு கோச்சே? நேரம் கேட்டு ஆட்டத்தை மறிக்க வேண்டிய இடத்தில சும்மா நிக்கிறார்."

"சும்மா எங்க நிண்டவர்? தாடியைத் தடவினவரெல்லோ" என்பேன் நான்.

"நீ வாயை மூடு. அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. உங்கட மகனை ஒருக்காலும் இறக்காத மனுசன். உங்களுக்குக் கோவம் வரேல்லையோ?"

நீங்கள் கோப்பியை ஊதுவீர்கள். எங்களுக்கு ஆறிப்போன கோப்பி உங்களுக்கு மட்டும் எப்போதும் சுடும். "மற்றப் பக்கத்துப் பெடியள் நல்லா விளையாடினவங்கள். தோக்கிறதுக்கு அது காணும்" என்பீர்கள். அமலன் மேசையில் கையால் அடிப்பார். நான் இரண்டு பக்கமும் எண்ணெய் ஊற்றுவேன். நீங்கள் ஒருவர் அந்தப் பக்கம் இருந்ததால்தான் அது வழக்காக இருந்தது.

ஏன் கோச்சை விட்டுக்கொடுக்கிறீர்கள் இல்லை என்று ஒருநாள் காரில் கேட்டேன். நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. நீங்கள் கண்ணாடித் துடைப்பானைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்.

"பெடியன் சேர்ந்த முதல் நாள் என்னைக் கூப்பிட்டவர். உங்கட மகனுக்கு விளையாடுற அளவு திறமை இல்லை, ஆனா ஒரு நாளும் பிந்தி வாறேல்லை, மற்றவங்களைச் சிரிக்க வைக்கிறான், விரும்பினால் ரீமில இருக்கட்டும், இறக்குவன் எண்டு மட்டும் உங்களுக்குப் பொய் சொல்லமாட்டன் எண்டவர்."

"உதைக் கேட்டுக்கொண்டு வந்தனீங்களோ?"

"எடேய், நானும் நீயும் வேலை செய்த இடங்களில எத்தினை பேர் முதுகில தட்டி 'குட் ஜொப், குட் ஜொப்' எண்டவங்கள்? அடுத்த கிழமை வரவேண்டாம் எண்டு ஏஜென்சிக்காரன் போன் எடுப்பான். இந்த நாட்டில என்ர முகத்தைப் பார்த்து இல்லை எண்டு சொன்ன முதல் ஆள் உவர்தான்."

நான் அதற்கும் ஏதோ பகிடி விட்டேன். என்ன பகிடி என்று மறந்துபோனது. நீங்கள் சொன்னது மறக்கவில்லை.

மாசி மாதத்தில் ஒரு காலைமை, வேலைக்குப் போகச் சப்பாத்து நாடா கட்டக் குனிந்த இடத்திலேயே போய்விட்டீர்கள். நீங்கள் போனதற்குப் பிறகு நடந்ததைத்தான் உங்களுக்கு எழுத வேண்டும்.

எங்கள் ரீம் மாகாணப் போட்டிக்குப் போனது. முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்தது. நானும் அமலனும் போயிருந்தோம். அந்த உயரமான இடக்கைப் பெடியனை உங்களுக்குத் தெரியும்தானே, எங்கள் புள்ளிகளில் பாதியை அவன்தான் போடுகிறவன். பாதி ஆட்டத்தில் அவன் கணுக்கால் மடங்கி வீங்கிவிட்டது. கடைசிக் கட்டத்தில் ஆட்டம் இழுபட்டுக்கொண்டிருந்தபோது அவன் எழும்பி நின்று, இறக்குங்கோ என்று கோச்சைக் கெஞ்சினான். அழுதான் அண்ணை, அவ்வளவு பெரிய பெடியன். கோச் அவன் தோளில் கையை வைத்து இருத்திவிட்டார். தோற்றோம்.

"நோவுக் குளிசை ஒண்டைக் குடுத்து இறக்கியிருக்கலாம்" என்று அமலன் கார் தரிப்பிடத்திலேயே தொடங்கினார். அடுத்த நாள் வட்ஸ்அப் முழுக்க அதுதான். பெடியள் இங்கிலீசில் திட்டினார்கள், நாங்கள் தமிழில் திட்டினோம். கோச்சுக்கு இரண்டு மொழியிலும் வேலை போய்விட்டது. கொலிச்சுக்காரரும் அறிவித்தார்கள்: கோச்சை வைத்திருப்பதா, மாற்றுவதா என்று முடிவெடுக்க முன்னம், வருகிற புதன்கிழமை ஆதரவாளர்களைக் கூப்பிட்டுக் கேட்கப் போகிறார்களாம்.

அதற்கு முந்தின சனிக்கிழமை உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு. மாதா கோயிலில் பூசை முடிந்து, கீழே இருக்கிற ஹோலில் சாப்பாடு. உங்களுக்குப் பிடித்த கணவாய்க் கறி, கத்தரிக்காய்க் குழம்பு. செத்தவீட்டு முகத்தோடு எவ்வளவு நேரம் இருப்பது? அமலன் குரலைத் தணித்துக்கொண்டு கோச்சின் கதையை எடுத்தார். அக்கா காதில் விழுந்துவிட்டது. எல்லோரும் வாயை மூடினோம்.

"ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்றார் அக்கா. "அவர் இருந்தாலும் இதைத்தான் கதைச்சிருப்பார். கதையுங்கோ."

அமலனுக்கு அது காணும். "புதன்கிழமை எல்லாரும் வாறீங்கள். நான் எழும்பி ஆளை மாத்துங்கோ எண்டு சொல்லுவன். நீங்கள் பின்னால இருந்து தலையாட்டினாச் சரி."

எல்லோரும் இப்போதே ஆட்டினார்கள். நானும் ஆட்டத்தான் வெளிக்கிட்டேன். பழக்கதோசத்தில், நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று பக்கத்துக் கதிரையைத் திரும்பிப் பார்த்தேன். அதில் என் மனுசியின் கைப்பை இருந்தது.

"வீங்கின காலோட பெடியனை இறக்கச் சொல்லுறியள்" என்றேன். என் வாய்தான். எனக்கே ஆச்சரியம். "உங்கட மருமகன்ர கால் எண்டால் குளிசை குடுப்பியளோ?"

"எடேய், நீ எப்ப கட்சி மாறினனீ?"

"இப்பத்தான். சொதி விடேக்க."

"நீதானே அந்தாளைத் தாடி, தாடி எண்டு வருசக்கணக்கா நக்கலடிச்சனீ?"

"நக்கலடிக்கிறது வேற, வீட்டுக்கு அனுப்புறது வேற."

நீங்கள் என்றால் கோப்பியை ஊதியாவது நேரத்தைக் கடத்தியிருப்பீர்கள். நான் சோற்றை ஊதினேன். அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு கோச் வந்தார்.

கறுப்பு உடுப்பு, கழுத்துப்பட்டி, சப்பாத்தில் ஸ்னோ. உங்கள் சாவுச் செய்தி அவருக்கு அந்தக் கிழமைதான் தெரியும்; ஜெறாட் சொல்லியிருக்கிறான். அவர் நேராகப் போய் உங்கள் படத்துக்கு முன்னால் தலையைக் குனிந்தார். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கிலீசில் மெல்லச் சொன்னார். ஜெறாட் அதைத் தமிழில் சொன்னான்.

"அம்மா, தோக்கிற மட்ச் எல்லாத்துக்கும் பிறகு அப்பா கீழ இறங்கி வந்து இவற்ர கையைப் பிடிக்கிறவராம். 'டிறைவ் சேஃப், கோச்' எண்டு மட்டும் சொல்லுவாராம். வேற ஒண்டும் கதைக்கிறேல்லையாம். அண்டைக்குத் தோத்த பிறகும் இவர் அப்பாவைப் பாத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிண்டவராம். ஒருத்தரும் வரேல்லையாம்."

அண்ணை, ஒவ்வொரு மட்ச் முடியவும் "ஒண்டுக்குப் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டல்லவா போனீர்கள்! உங்கள் சிறுநீர்ப்பையைப் பற்றி நான் ஃபக்ரறி முழுக்கப் பகிடி விட்டிருக்கிறேன். வைத்தியரிடம் காட்டச் சொல்லி அக்காவுக்குக்கூடச் சொன்னேன். ஒரு வார்த்தை சொன்னீர்களா? அந்த மனுசன் தோற்ற முகத்தோடு நின்றபோது நானும் அமலனும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கார் தரிப்பிடத்தில் குளிசையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

கோச் போகத் திரும்பினார். முதலில் எழும்பியது அமலன். முப்பத்தோராம் நாளுக்கு வந்த ஒருவரைச் சாப்பிடாமல் அனுப்ப எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. "நோ, நோ, கோச், ஈட், ஈட்" என்று கையைப் பிடித்து இழுத்து இருத்தினார். தட்டில் சோற்றை மலையாகக் குவித்தார். "திஸ் ஸ்குவிட். ஹிஸ் ஃபேவரிட்" என்று உங்கள் படத்தைக் காட்டினார். நான் கணவாயைப் போட்டேன். கோச் எங்களைப் பார்த்துக் கையாலேயே குழைத்துச் சாப்பிட்டார். உறைப்பில் கண்ணால் தண்ணி ஓடியது. அதில் உங்களுக்காக ஓடியதும் கலந்திருந்தது என்று நினைக்கிறேன். அமலன் ஓடிப்போய்த் தயிர் கொண்டுவந்தார். கொஞ்ச நேரத்துக்கு முதல் எவரை வேலையால் தூக்க வேண்டும் என்றாரோ, அவருடைய உச்சந்தலையில் தட்டி "மெல்ல, மெல்ல" என்றார்.

காரில் போகும்போது அமலன் என்மேல் பாய்ந்தார். "உவரைச் சாப்பிட வைச்சிருக்கக் கூடாது. இனி எந்த முகத்தோட புதன்கிழமை எழும்புறது?"

"சோறு போட்டது நீங்கள்."

"கணவாய் நீதானே போட்டனீ!"

புதன்கிழமை அவர் எழும்பினார். தோற்ற ஆட்டங்களை எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். முடிவில் மாற்றுங்கள் என்று வரவேண்டிய இடத்தில் நின்றுவிட்டார். தண்ணீர் குடித்தார். "தட் ஆங்க்கிள் இஸ் நொட் அவர் ஆங்க்கிள்", அந்தக் கணுக்கால் எங்கள் கணுக்கால் இல்லை, என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். தன் மருமகனின் காலை நினைத்திருப்பார் போல. பிறகு நான் எழும்பினேன். "சேர், மை ஃபிரெண்ட் டெட். ஹி லைக் திஸ் கோச். ஹி நோ லை. ஐ ஒல்சோ லைக், நவ்." அவ்வளவுதான் என் இங்கிலீஸ். அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. இன்னும் ஒரு வருடம் கோச் இருக்கட்டும் என்று பிறகு அறிவித்தார்கள். எங்களால்தான் என்று அமலன் ஸ்காபரோ முழுக்கச் சொல்லித் திரிகிறார். எனக்குத் தெரியாது. வேறு ஆள் கிடைக்காமலும் இருந்திருக்கலாம்.

கோப்பிக் கடையில் நான் இப்போது உங்கள் பக்கம். அமலனை நக்கலடிப்பதை விடவில்லை, ஆனால் கோச்சைக் கொண்டுபோய் வெளியே நிறுத்த முன்னம் ஒருவன் மறுத்துப் பேச வேண்டும் என்ற வேலையை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். தோற்கிற மட்ச் முடிந்ததும் கீழே இறங்குகிற வேலையும் எனக்குத்தான். அந்த ஒரு வசனத்தைக் காரில் சொல்லிப் பழகினேன். உங்கள் மாதிரி அமைதியாக எனக்கு வராது.

நேற்று இந்த வருடத்தின் முதல் மட்ச். தோற்றோம். நான் எழும்பினேன். கீழே இறங்குகிற படிகளில் சனம் அடைத்துக்கொண்டு நின்றது. சுற்றிப் போனால் கோச் உள்ளே போய்விடுவார். பக்கத்தில் ஒரு கதவு இருந்தது. அதில் சிவப்பு எழுத்தில் ஏதோ நீளமாக எழுதியிருந்தது. தள்ளினேன். கட்டிடம் முழுக்க நெருப்பு மணி அடிக்கத் தொடங்கியது. இரண்டு ரீமும், நடுவர்களும், சோளப்பொரி விற்கிற பிள்ளையும், பார்க்க வந்த எல்லோரும் ஸ்னோவுக்குள் வந்து நின்றோம். கோச் எனக்குப் பக்கத்தில் நின்றார், ஜக்கெற் இல்லாமல். கையைப் பிடித்து "டிறைவ் சேஃப், கோச்" என்றேன். அவர் காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினார். தீயணைப்பு வண்டி வந்தது. தீ இல்லை. வண்டியைக் கார் தரிப்பிட வாசலுக்குக் குறுக்கே விட்டிருந்தார்கள். அதனால் ஒருவருக்கும் கார் எடுக்க முடியவில்லை.