நேவியோவுக்குச் சுவரில் போட்ட வார்த்தை

அன்பு மகள் ஒர்சோலாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், ரொசாரியோவில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். மனசுதான் சரியில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். உன் நேவியோ சித்தப்பா போய்விட்டாரம்மா. திராட்சைக் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை.

நீ அவரைச் சித்தப்பா என்று கூப்பிடும்போதெல்லாம் நான் முகம் சுளிப்பேன், உனக்கே தெரியும். ரொக்காமோரா என்ற நம் பெயர் மலைமேல் இருக்கும் கறுப்புப் பாறைக் கோட்டையால் வந்தது. மூத்த கிளை அதை அப்படியே வைத்துக்கொண்டது, கிணற்றடி வீட்டுக்காரர்கள் பின்னால் 'தெல் போட்சோ' சேர்த்துக்கொண்டார்கள், கல்யாணமில்லாமல் பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும் பாதியை வெட்டிவிட்டு வெறும் மோரா என்று கொடுத்தார்கள். நேவியோவின் அப்பா அப்படித்தான் மோரா ஆனார். என் தாத்தாவுக்குப் பிறந்தவர் என்று ஊருக்கே தெரியும்.

மறுநாள் அவர் மனைவி தெல்ஃபினா வந்தாள். செத்தவருக்காக ஊர்ச் சுவரில் ஒட்டும் அறிவிப்பில் நம் குடும்பத்துப் பெயரிலும் ஒன்று வேண்டுமாம். 'என் புருஷன் உங்களுக்குத் தம்பின்னு ஒரே ஒரு வார்த்தை போடுங்க, வேற எதுவும் கேக்கல' என்றாள். தலையாட்டினேன். அச்சகத்தில் நின்றபோது எனக்கு என்ன பேய் பிடித்ததோ, 'எங்கள் தோட்டத்து விசுவாச ஊழியர்' என்று போடச் சொல்லிவிட்டேன், மேலே நம் கிரீடச் சின்னம் வேறு. ரொட்டிக்கடைச் சுவரில் ஒட்டியதை அவள் நின்று படித்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. 'செத்தப்புறமும் உங்ககிட்ட வேலைக்குத்தான் இருக்காரா?' என்று மட்டும் கேட்டாள். ரொட்டிக்கடை வாசலில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூனிக் குறுகிப் போனேன். அம்மா அன்றிலிருந்து என்னோடு சாப்பிட உட்காருவதில்லை, அவள் மேல் தப்பில்லை.

நானே போய் அந்தத் தாளைக் கிழித்தேன், தம்பி என்று போட்டுப் புதிதாக ஒட்டினேன். அதற்குள் சவ ஊர்வலம் முடிந்துவிட்டது, யார் படிக்கப்போகிறார்கள்? பிறகு தெல்ஃபினா வீட்டுக்குப் போய், நம் கோயில் கல்லறையில் எனக்கென்று வைத்திருக்கும் மாடத்துக்கு அவரை மாற்றிவிடலாம் என்றேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை. 'வேணாம் பிரபு. எங்காளுங்க நடுவுல மண்ணுல கிடக்காரு. அங்க அவரை யாரும் பாதி ஆளுன்னு சொல்ல மாட்டாங்க' என்று கதவைச் சாத்தினாள்.

குளிரில் கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ, மாப்பிள்ளையின் இருமலைக் கவனி. கடவுள் உங்கள் இருவரையும் நன்றாக வைக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, தெல்ஃபினாவுக்குப் போன் பண்ணி அழு. எனக்காக ஒரு வார்த்தையும் பரிந்து பேசிவிடாதே.

உன் அப்பா,
எத்தோரே