அன்னத்தாய் அக்காவின் ரிங்டோன்கள்

ஜூன் 9, திங்கள்

மழை. அன்னத்தாய் அக்காவின் போனுக்கு இன்று மூன்று ரிங்டோன் ஏற்றினேன். அக்கா எங்கள் சந்தில் இட்லி அவிக்கிறவர். விடியற்காலையில் கையெல்லாம் மாவு. திரையில் பெயர் வந்தாலும் படிக்கத் தெரியாது. அதனால் ஆளுக்கொரு சத்தம். செம்பூர் கேண்டீன் வெங்கடேஷ் கூப்பிட்டால் நாதஸ்வரம். டீக்கடைக்கு ரயில் ஹாரன். டோம்பிவிலி தங்கச்சிக்குக் குயில்.

"எந்தச் சத்தத்துக்குக் கை கழுவணும்னு எனக்குத் தெரியணும்லா. போனோடயே வந்த கம்பெனி பாட்டு அடிச்சா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். எல்லாம் லோன் வேணுமாங்கிறவன்தான்."

சத்தங்களைக் கடைக் கம்ப்யூட்டரில் வெட்டி, கேபிள் போட்டு அனுப்பினேன். போகவில்லை. போனில் இடமில்லை போல. மெமரி கார்டுக்கு அனுப்பினேன், போயிற்று. எங்கள் மொபைல் கடை முதலாளி கரீம் பாட்சா பாய், "நம்ம எஞ்சினியர்!" என்றார். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

அக்காவின் கார்டு கல்யாண வீடியோவால் நிறைந்துவிட்டது. பெரிய கார்டு போடச் சொன்னார் பாய். பழையதைக் கழற்றும்போது திரையில் இங்கிலீஷில் நீளமாக ஏதோ வந்தது. எப்போதும்போல வலது பக்கப் பொத்தானை அமுக்கினேன். வீடியோக்களை மட்டும் புதியதில் ஏற்றிக் கொடுத்தேன்.

ஜூன் 14, சனி

அக்கா கடைக்கு வந்தார். நேற்று விடியற்காலை வெங்கடேஷ் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். ஆபீஸில் ஏதோ மீட்டிங், இரட்டிப்பு இட்லி வேண்டுமாம். போன் கம்பெனி பாட்டையே பாடியிருக்கிறது. அக்கா கை கழுவவில்லை. இனி வேறு ஆளிடம் வாங்கிக்கொள்கிறேன் என்று வெங்கடேஷ் சொல்லிவிட்டாராம்.

"கார்டு மாத்துனப்ப டோன் போயிருக்குமோ செல்வி?" என்றார் பாய்.

"இல்ல பாய். நான் பாத்துத்தான் போட்டேன்."

எப்படி வந்தது அந்த வார்த்தை? யோசிக்கவே இல்லை.

அக்கா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நாந்தான் எதயாவது அமுக்கியிருப்பேன். எழுத்து தெரியாதவ கையில போனக் குடுத்தா இப்படித்தான்."

பாய் சிரித்தார். நான் கேபிளைச் சுற்றினேன். பழைய கார்டு என் மேசை டிராயரில். சத்தங்கள் மூன்றும் அதற்குள்.

ஜூன் 15, ஞாயிறு

ஆலயத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜெபம் வரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

வேலை போய்விடும் என்றா பயந்தேன்? இல்லை. பாய் திட்டுவார், அவ்வளவுதான். கார்டு பற்றிச் சொன்னால், திரையில் என்ன எழுதியிருந்தது என்று கேட்பார். ஒன்பதாம் வகுப்பு வரை படித்ததாகச் சொல்லித்தான் சேர்ந்தேன். நான் நின்றது ஆறில். இங்கிலீஷ் படிக்கத் தெரியாமல் அமுக்குகிறவள் நான் — பழி அக்காவுக்கு.

ஜூன் 18, புதன்

அக்கா ரீசார்ஜுக்கு வந்தார். கடை நிறைய ஆட்கள்.

"என்னக்கா, இன்னைக்கு எத அமுக்குனீங்க?" என்றார் பாய். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே போனை முந்தானைக்குள் வைத்தார்.

"அமுக்குனது நாந்தான் பாய்" என்றேன். சிரிப்பில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். கார்டைச் சொன்னேன். ஆறாம் வகுப்பையும் சொன்னேன் — ஏன் அத்தனை பேர் முன்னால் அதையும் சொன்னேனோ.

அக்காதான் பேசினார். "இத்தன நாளா என்னய நானே ஏசிக்கிட்டுக் கெடந்தேன். எம் வீட்டுக்காரரும் சேந்து ஏசுனாவ. நீ பாத்துக்கிட்டுத்தான இருந்தட்டி?"

ரீசார்ஜ் செய்யாமலே போய்விட்டார்.

ஜூன் 20, வெள்ளி

அக்கா கடைக்கு வரவில்லை. சந்தில் எதிரே வந்தார். நான் ஒதுங்கி நின்றேன்.

ஜூன் 23, திங்கள்

இன்று வந்தார். போனை மேசைமேல் வைத்தார், என் கையில் தரவில்லை.

"கேண்டீன் போனது போனதுதான். மத்த ரெண்டு பேருக்கும் சத்தத்தப் போடு."

இந்த முறை கார்டில் போடாமல், போனிலேயே இடம் ஒதுக்கிச் சத்தங்களை அனுப்பத் தொடங்கினேன். திரையில் மறுபடி இங்கிலீஷ் வந்தது. விரல் வலது பக்கம் போனது. பாய் பின்னால் வந்து நின்று, "படி" என்றார்.

எழுத்து எழுத்தாகக் கூட்டி, சத்தமாகப் படித்தேன். வரிசையில் நின்றவர் பொறுமையில்லாமல் உச்சுக் கொட்டினார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துச் சொன்னார்: "பொறுங்க அண்ணாச்சி. பிள்ள வாசிக்கால்லா."

கடைசி வார்த்தைக்குப் பொருள் தெரியவில்லை. தெரியவில்லை என்றேன். பாய் சொன்னார். அதற்குப் பிறகுதான் அமுக்கினேன்.