யாரும் இல்லாத நிறுத்தம்

மார்ச் 4, செவ்வாய்

அப்பாவிடம் இப்போது மிஞ்சியிருப்பது ஒரே ஒரு சொல். "சரி." அதையும் இரட்டையாகத்தான் சொல்கிறார்: "சரி சரி." தண்ணீர் வேண்டும் என்றாலும் அதுதான், வேண்டாம் என்றாலும் அதுதான். பக்கவாதம் வந்து ஐந்து வாரம். வலது கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. பேச்சு திரும்பவில்லை.

உதவிக்கென்று அப்பாவின் தங்கை வந்து எங்களோடு தங்கியிருக்கிறாள். அத்தை இன்று சொன்னாள்: "கல்யாணமான புதுசுல எங்க வீட்டுக்காரரும் இதையேதான் சொல்லிக்கிட்டிருந்தார். அப்புறம்தான் வாய் வந்துச்சு."

அப்பா சிரித்தார். சிரிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 6, வியாழன்

பேச்சுப் பயிற்சி தரும் பெண் முதல்முறையாக வீட்டுக்கு வந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள். படங்களைக் காட்டினாள் — சாவி, நாற்காலி, பேருந்து. முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர் பேருந்தைப் பார்த்து "சரி சரி" என்றார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்: "சாருக்கு மனப்பாடமா ஏதாவது தெரியுமா? பாட்டு, ஜெபம், எதுவானாலும். யோசிச்சுப் பேசறது ஒரு வழி, பழகினது வர்றது இன்னொரு வழி. சில பேருக்கு அந்த ரெண்டாவது வழி அடைபடறதில்ல."

"சாப்பாட்டு ஜெபம்" என்றாள் அத்தை. நான் தரையைப் பார்த்தேன். அத்தை ஒரு தட்டில் இரண்டு பிஸ்கட்டை வைத்து அப்பா முன்னால் நகர்த்தி, "ஆண்டவரே" என்று எடுத்துக் கொடுத்தாள்.

அப்பா கண்ணை மூடினார். "ஆண்டவரே, இந்தத் தட்டுக்கும் இதைச் சுத்தி உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும் ஸ்தோத்திரம். இன்னைக்கு விசேஷமா—"

அவருடைய பழைய குரல். ஒரு கீறல் இல்லை. "விசேஷமா" என்ற இடத்தில் நின்றுவிட்டார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

மார்ச் 9, ஞாயிறு

அத்தை ஆராதனைக்குப் போயிருக்கிறாள். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகும் வண்டிகளுக்குத் தலையசைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த ஜெபம் அப்பா தானே கட்டியது. முதல் வரி என்றைக்கும் ஒன்றுதான். "விசேஷமா" என்றதும் மேசையில் இருக்கிறவர்கள் ஒவ்வொருவராக அன்றைக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பா, அம்மா, பிறகு நான். கடைசியில் அப்பா "இயேசுவின் நாமத்தில் ஆமென்" என்று முடிப்பார். விதி இரண்டு. நேற்றுச் சொன்னதைச் சொல்லக் கூடாது. பொதுவாகச் சொல்லக் கூடாது. "நல்ல நாளுக்கு ஸ்தோத்திரம்" என்றால் ஒற்றை விரலால் மேசையைத் தட்டுவார். "நாள் ரொம்பப் பெருசு. அதுல எந்த இடம்?"

அவருடையவை எல்லாம் பேருந்திலிருந்தே வரும். "காலையில சண்டை போட்டுக்கிட்டே இறங்கின ரெண்டு பேர், சாயங்காலம் ஒரே குடையில வந்து ஏறினாங்க." அம்மாவுடையவற்றை ஜெபத்தில் சேர்ப்பதா என்பதே சந்தேகம். "எதிர்வீட்டு ரேடியோ கெட்டுப்போச்சு." அப்பா கண்ணைத் திறக்காமலே சொல்வார்: "அது அவங்களுக்குத் துக்கம்." அம்மா விட மாட்டாள்: "அவங்க துக்கத்தை அவங்க மேசையில சொல்லிக்கட்டும்."

ஐந்து வயதில் நான் ஒரு நாள், "இன்னைக்கு எனக்கு 'ழ' எழுத வந்துடுச்சு" என்றேனாம். அப்பா ஆமென் சொல்ல மறந்து என்னைத் தூக்கிக்கொண்டாராம். அம்மா இதை வருடத்துக்கு ஒரு முறையாவது சொல்வாள். சொல்லும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். இப்போது சொல்ல ஆள் இல்லை. ஒருத்தி போய்விட்டாள், ஒருத்தருக்குப் பேச்சு இல்லை.

மார்ச் 17, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

அம்மாவை அடக்கம் செய்த மறுநாள். எனக்குப் பத்தொன்பது வயது. மேசையில் இரண்டே தட்டு. அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார். தன் முறையில் ஏதோ சொன்னார். என்னவென்று நினைவில்லை, அன்றைக்கும் அவருக்குச் சொல்ல ஏதோ இருந்தது என்பதே எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மாவின் முறை வந்து, போயிற்று. அடுத்தது நான்.

"என்கிட்ட ஒண்ணுமில்ல. சொல்றதுக்கும் இல்ல, கேக்கறதுக்கு அங்க ஆளும் இல்ல."

அப்பா திட்டவில்லை. ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் சும்மா இருந்தார். பிறகு ஆமென்.

அதற்குப் பிறகு ஏழு வருடம். நான் ஆலயத்துக்குப் போவதை நிறுத்தினேன். கடவுள் இல்லை என்கிற புத்தகங்களையும், இருக்கிறார் என்கிற புத்தகங்களையும் ஒரே வேகத்தில் படித்தேன். அப்பா ஒன்றுமே கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சாப்பாட்டிலும், என் முறை வரும் இடத்தில் அதே ஒரு மூச்சு மௌனம். நான் பாட்டுக்குச் சாப்பிட ஆரம்பித்திருப்பேன், அவர் நிற்பார், பிறகு ஆமென். அது எனக்குத் தினசரி வசவு போல இருந்தது. வாய்விட்டுத் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மௌனத்துக்கு என்ன பதில் சொல்வது?

அது வசவுதானா? ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். ஏழு வருடம் அவருக்கு வாய் இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

"என் முறையில ஏம்பா நின்னீங்க?" — இன்று கேட்டேவிட்டேன். "சரி சரி" என்றார்.

மார்ச் 24, திங்கள்

இனி எல்லா வேளையும் அந்த ஜெபம் வேண்டும் என்கிறாள் பயிற்சிக்காரப் பெண். மேசையில் எல்லாரும் அவரவர் முறையைச் சொல்ல வேண்டுமாம். வாசல்வரை போய் அவளிடம் தணிந்த குரலில் சொன்னேன்: "நான் ஜெபம் பண்றதில்ல."

"நீங்க நம்பணும்னு நான் சொல்லலையே. அவர் வாய் திறக்கணும். எனக்கு அவ்வளவுதான்."

சாயங்காலம், என் முறை. "இன்னைக்கு அடிச்ச காத்துக்கு" என்றேன்.

டொக். இடது கை விரல், மேசை மேல்.

"எல்லாம் மறந்துச்சு, விதி மறக்கல பாரு" என்று அத்தை சிரித்தாள்.

"ஆபீஸ்ல என் வேலையில ஒரு தப்பும் வரலை" என்றேன் அவசரமாக. மறுபடியும் டொக். பொய் என்று அவருக்கு எப்படித்தான் தெரிகிறதோ.

ஏப்ரல் 2, புதன்

அந்தப் பொய்க்குப் பலன் இன்று கிடைத்தது. நான் புத்தகங்களின் கடைசியில் வரும் சொல்லடைவைத் தயாரிக்கிறவள் — எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் என்கிற பட்டியல். இப்போது கையில் இருப்பது ஆறுகளைப் பற்றிய ஒரு தடிமனான புத்தகம். 'ஆறு' என்ற சொல்லுக்கு எதிரே இருநூற்றுப் பதினான்கு பக்க எண்களைப் போட்டு வைத்திருக்கிறேன். புத்தி எங்கேயோ இருந்திருக்கிறது.

எங்கள் பதிப்பகத்தின் மூத்த பதிப்பாசிரியர் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். எல்லார் வாக்கியத்திலும் ஒரு காற்புள்ளியைச் செருகுவதால் அவருக்குக் காற்புள்ளி மேடம் என்று பெயர். "ஆறு இல்லாத பக்கம் எதுன்னு போட்டிருந்தா, ஒரே வரியில முடிஞ்சிருக்கும்மா." பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "புத்தகமே எதைப் பத்தினதோ, அதை அடைவுல சேர்க்கக் கூடாது. நீ வந்த முதல் வாரமே சொன்னேன்."

சாப்பாட்டில் இதை அப்படியே சொன்னேன். அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். விரல் அசையவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. காலையிலிருந்தே எதையாவது தேடிக்கொண்டிருக்கிறேன். இன்று அலுவலகப் படிக்கட்டில் ஒருத்தி செருப்பு வாரை மாட்டுவதற்காகப் பக்கத்தில் இறங்கியவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். முன்பின் தெரியாதவர்கள். பிடிகொடுத்தவள் கைப்பேசியில் பேச்சை நிறுத்தாமலே நின்று கொடுத்தாள். சாயங்காலத்துக்கு இது போதும் என்று நினைத்துக்கொண்டேன். பத்து நிமிடத்தில் இன்னொன்று கிடைத்தது. ஒரு வேளைக்கு ஒன்றுதானே சொல்ல முடியும்? மிச்சத்தை என்ன செய்வது? படிக்கட்டிலேயே, வாய்க்குள், சொல்லிவிட்டேன்.

யாரிடம்?

ஏப்ரல் 27, ஞாயிறு

அத்தைக்கு முதுகுப் பிடிப்பு. அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்து நான்தான் ஆலயத்துக்குத் தள்ளிப் போனேன். கடைசி வரிசை. அதே பெஞ்சு, அதே இடத்தில் ஆடும் கால். சின்ன வயதில் இதை ஆட்டி ஆட்டி அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்குவேன். இன்றும் ஆட்டினேன். கிள்ள ஆள் இல்லை.

உயிர்த்தெழுந்த இயேசுவோடு சேர்ந்து நடந்துபோன இரண்டு சீடர்களைப் பற்றிப் போதகர் பேசினார். வழிநெடுகப் பேசியும் அவர் யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்து, அவர் ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. எத்தனையோ முறை கேட்ட கதை. இன்று எனக்கு எங்கள் மேசை ஞாபகம் வந்தது. ரேடியோ, குடை, 'ழ'. புத்தகமே எதைப் பற்றியதோ, அதற்குப் பக்க எண் தேடி ஏழு வருடம் புரட்டியிருக்கிறேன். காற்புள்ளி மேடம் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்.

இதை நம்பிக்கை என்று எழுதப் பயமாக இருக்கிறது. எழுதவில்லை.

மே 8, வியாழன்

பயிற்சிக்காரப் பெண் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து எங்களைக் கவனித்தாள். அப்பா "விசேஷமா" என்று நின்றதும், வழக்கம்போல நான் எடுத்துக்கொண்டேன்: "அப்பா சார்பா, ஜன்னலுக்கு. இப்ப என்னுது—"

"நிறுத்துங்க. தினமும் இப்படித்தானா?"

"அவரால முடியலையே. பாவமா இருக்கு."

"அவருக்கு ஒண்ணும் இல்ல. உங்களாலதான் தாங்க முடியல. அவர் முறையை நீங்க எடுத்துக்கிட்டா அவர் எப்ப சொல்வார்? விடுங்க. சும்மா இருங்க."

"எவ்வளவு நேரம்?"

"அவர் வர்ற வரைக்கும்."

மே 9, வெள்ளி

காத்திருந்தோம். சாப்பாடு ஆறியது. ஒன்றும் வரவில்லை. "ஆண்டவருக்குச் சூடும் ஒண்ணுதான், ஆறினதும் ஒண்ணுதான். எனக்கு அப்படி இல்ல" என்றாள் அத்தை.

மே 13, செவ்வாய்

காத்திருந்தோம்.

மே 19, திங்கள்

மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது நான் வாடகைக் காரைக் காட்டினால் அப்பா தலையை ஆட்டி மறுக்கிறார். பேருந்தைக் கை காட்டுகிறார். கைத்தடியோடு இப்போது நடக்கிறார். ஏற்றினேன். ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை இருக்கையில் அவர். நான் பக்கத்தில் நின்றேன்.

அது என் இருக்கை. சனிக்கிழமைகளில் அம்மா என்னை அங்கே உட்காரவைத்து அனுப்புவாள். அப்பாவின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே ஊர் முழுக்கச் சுற்றுவேன். டீசல் வாசம், வெயிலில் சுட்ட இருக்கை, கண்ணாடியில் எப்போதாவது என்னைத் தேடும் அவர் கண்.

பழைய தடம். பள்ளி மைதானம் தாண்டியதும் ஒரு நிறுத்தம் வரும், சந்தின் வாயில். யாரும் இல்லை. ஆனாலும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, கிட்டத்தட்ட நின்று, பிறகு போனார். அப்பா ஓட்டுநரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சொந்தக் கால் தரையை அழுத்தியது.

அப்போது ஒரு சனிக்கிழமை ஞாபகம் வந்தது. ஏழெட்டு வயது எனக்கு. "யாருமே இல்லையே, ஏம்பா மெதுவா போறீங்க?"

"சந்துக்குள்ள யாராவது ஓடி வந்துக்கிட்டிருப்பாங்க. நமக்குத் தெரியாது. நாம நிறுத்தாம போயிட்டா அவங்களுக்கு வண்டி இல்லைன்னு ஆயிடும்."

கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் நின்ற ஒரு அம்மாள், "தலை சுத்துதா, உட்கார்றியாம்மா?" என்றாள். இல்லை என்று தலையசைத்தேன்.

சாயங்காலம். தட்டு வைத்தோம். "இன்னைக்கு விசேஷமா—" நின்றார். நானும் அத்தையும் சும்மா இருந்தோம். சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் உதடு எதையோ பிடிக்கப் போய்ப் போய்த் திரும்பியது. பிறகு—

"பிரேக்."

அத்தை கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்த பிரேக்குண்ணா?"

"சரி சரி" என்றார், எங்களைப் பொறுமையில்லாதவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்து.

அடுத்தது அத்தை. "எங்க அண்ணன் வாயில வந்த பிரேக்குக்கு" என்றாள். பிறகு நான்.

"ஏழு வருஷமா" என்று ஆரம்பித்தேன். முடியவில்லை. அவர்கள் இருவரும் காத்திருந்தார்கள். "ஏழு வருஷமா, யாரும் இல்லாத நிறுத்தத்துல வண்டி மெதுவா போனதுக்கு."

அப்பா என்னைப் பார்த்தார். விரலைத் தூக்கினார். பொதுவாகச் சொல்லிவிட்டேனோ என்று நினைத்தேன். மேசையைத் தட்டவில்லை, என் கை மேல் வைத்தார். "சரி" என்றார். ஒரே ஒரு முறை.

ஆமெனை மூவரும் சேர்ந்து சொன்னோம்.

மே 20, செவ்வாய்

நம்புகிறேன். இன்று எழுதிவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

அப்பாவை அத்தை தன் வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறாள், இரண்டு வாரத்துக்கு. அவரிடம் இப்போது முப்பத்தேழு சொற்கள். நான் அடைவு போட்டு வைத்திருக்கிறேன். 'சரி'யை அதில் சேர்க்கவில்லை.

மதியம் அலுவலகச் சாப்பாட்டு அறையில் நான் மட்டும். டப்பாவைத் திறந்தேன். ஆண்டவரே, இந்தத் தட்டுக்கும் என்று ஆரம்பித்தேன் — டப்பாதான், தட்டு என்றே வாயில் வந்தது. அப்பாவின் முறைக்கு ஒரு மூச்சு. அம்மாவின் முறைக்கு ஒரு மூச்சு.

காற்புள்ளி மேடம் தண்ணீர் பிடிக்க வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். "என்னம்மா, சாப்பிடாம உட்கார்ந்திருக்க, யாராவது வரணுமா?"

"ஆமா மேடம்" என்றேன். "வருவாங்க."