சிவப்பு ஸ்வெட்டரில் ஒரு விருந்தாளி

அன்புள்ள அம்மாவுக்கு,

நோரீனின் வணக்கங்கள். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? சனிக்கிழமை நடந்ததை ஒன்றுவிடாமல் உண்மையாக எழுதுகிறேன்; கவலைப்பட எதுவுமில்லை.

கால்பந்துப் போட்டிக்கு முன், மைதானத்தின் வெளியே வண்டிகளை நிறுத்திக் கறி சுட்டுச் சாப்பிட, அறைத்தோழி கேலாவின் வீட்டார் என்னையும் அழைத்தார்கள். வெறுங்கையோடு போகக் கூடாது, அடுத்தவர் இடத்தில் நாற்காலி போடக் கூடாது என்றெல்லாம் படித்துக்கொண்டு போனேன். நிறத்தைத்தான் மறந்துவிட்டேன். நீங்கள் பின்னிய ஸ்வெட்டரின் சிவப்பு எதிரணியின் நிறமாம்.

"அடடா, எதிரிக் கூட்டத்து ஆளு!" என்றார் கேலாவின் அப்பா ஹோமர். "முதல் தட்டு இவளுக்குத்தான். விருந்தாளியைப் பட்டினி போட்டா நமக்குத்தான் கேவலம்."

எல்லோரும் ஓடியாடி வேலை செய்தார்கள். என்னை எழவே விடவில்லை. புகை மரங்களுக்கிடையே நீலமாக மிதந்தது. எங்கோ மேளம் ஒலித்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதுபோல் இருந்தது, அம்மா. எனக்கு விருந்தாளியாக இருக்கப் பிடிக்கவில்லை.

போட்டிக்குக் கிளம்பும்போது ஹோமர் அடுப்புத் தணலை மரத்தடியில் கொட்டப் போனார். என்னையறியாமல் கத்திவிட்டேன்: "அங்க கொட்டாதீங்க! வேர் வெந்துபோகும்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கேலா விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, அம்மாகூட உங்களை இப்படி அதட்டினதில்ல!"

ஹோமர் தணலில் தண்ணீர் ஊற்றிவிட்டு என்னிடம் குப்பைப் பையை நீட்டினார். "இவ்வளவு வாய் இருக்குல்ல? எழுந்து குப்பையைப் பொறுக்கு, கழுதை."

இரண்டு பைகள் நிறையப் பொறுக்கினேன்.

அடுத்த போட்டிக்கு நானும் செய்து கொண்டுபோக வேண்டும், உங்கள் உருளைக்கிழங்கு சாலட் செய்முறையை அனுப்புங்கள். உங்கள் கையெழுத்திலேயே வேண்டும். விடுதியில் விளக்கை அணைக்கப் போகிறார்கள்; இத்துடன் முடிக்கிறேன்.

நோரீன்